"ஒரு கையெழுத்துதானே" என்கிறார் சார்... போடலாமா?

(வாசகியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

கோவையிலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு வயது 32. எம்.இ. ஸ்டிரக்சுரல் முடித்தவர். ஒரு சிறிய கன்சல்டன்சியில் எட்டு வருடமாக வேலை, மாதம் 38,000 ரூபாய் சம்பளம். படம் வரையவும் சைட்டில் கம்பி எண்ணவும் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் அந்த அலுவலகத்தின் முதலாளி. கடிதம் முழுக்க அவரை 'சார்' என்றுதான் எழுதுகிறார். மூன்று வருடங்களுக்கு முன் வாசகி தன் பெயரில் கட்டமைப்புப் பொறியாளராகப் பதிவு செய்துகொண்டார். அன்றிலிருந்து அலுவலகத்தின் சின்ன வேலைகளுக்கெல்லாம் இவருடைய முத்திரைதான்.

இரண்டு வருடங்களுக்கு முன், நகருக்கு வெளியே ஒரு கட்டடத்துக்கு டிசைன் செய்து கையெழுத்திட்டார். கீழே வண்டி நிறுத்த ஸ்டில்ட், மேலே இரண்டு மாடி. போன மாதம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது மூன்றாவது மாடிக்குப் பில்லர் எழுப்பி, கூரைக்கு சென்ட்ரிங் அடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் மாடியில் இரண்டு குடும்பங்கள் வாடகைக்கு வந்துவிட்டன. ஸ்டில்ட்டில் தகரம் அடைத்த ஒரு அறையில் காவலாளியும் மனைவியும் நான்கு வயதுப் பெண் குழந்தையும். பதறிப்போய் அலுவலகத்துக்கு வந்து சொன்னால், சார் சொன்ன பதில் இது: "தெரியும்மா. பழைய தேதி போட்டு மூணு மாடியும் தாங்கும்னு ஒரு ஸ்டெபிலிட்டி சர்டிஃபிகேட் குடுத்துரு. நாம வெச்ச ஃபேக்டர் ஆஃப் சேஃப்டியே (பாதுகாப்புக்காகக் கணக்கில் கூடுதலாக வைக்கும் வலிமை) போதும், ஒண்ணும் ஆகாது. ஒரு கையெழுத்துதானே."

வீட்டுக் கடன் ஓடுகிறது, போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிடு என்கிறார் கணவர். இவர் முத்திரை குத்திக் கையெழுத்திட்ட வெற்று லெட்டர்பேடு மூன்று, அவசரத்துக்கு வேண்டும் என்று வாங்கியது, சாரின் மேசை டிராயரில் கிடக்கிறது. வேறொரு நிறுவனம் அமெரிக்கக் கட்டடங்களுக்கு டெக்லா மென்பொருளில் ஸ்டீல் டீட்டெயிலிங் (எஃகுத் துண்டுகளுக்கும் இணைப்புகளுக்கும் விவரப் படம் வரைவது) செய்ய 65,000 ரூபாய்க்குக் கூப்பிடுகிறது. வாசகி கேட்பது மூன்று: கையெழுத்திட்டால் மாட்டிக்கொள்வேனா? வேலையை விட்டுப் போய்விட்டால் பொறுப்பு தீர்ந்துவிடுமா? இந்தத் தொழிலே வேண்டாம் என்று தோன்றுகிறதே, அது சரிதானா?

கேள்விகளுக்கு முன்னால் அந்தக் குழந்தை

அம்மா, நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அவற்றைவிட அவசரம் ஸ்டில்ட்டில் தூங்குகிற அந்தக் குடும்பம். மேல் மாடிகளில் பில்லரோடு சுவர்களும் சேர்ந்து நிற்கின்றன. கீழே வெறும் பில்லர் மட்டும். மொத்தச் சுமையும் வந்து இறங்குவது அங்கேதான். கூரைக்கு இன்னும் கான்கிரீட் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல செய்தி. போட்டுவிட்டால், உடைக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

அதனால் இன்றைக்கே உரிமையாளருக்கு எழுதுங்கள். "நான் டிசைன் செய்தது ஸ்டில்ட்டும் இரண்டு மாடியும்தான். மூன்றாவது மாடி என் கணக்கில் இல்லை. கணக்குச் சரிபார்த்து முடியும்வரை கான்கிரீட் போட வேண்டாம், ஸ்டில்ட்டில் யாரையும் தங்கவைக்க வேண்டாம்." இவ்வளவு போதும். வாட்ஸ்அப்பில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று, ஒப்புகையோடு தபாலில் ஒன்று. சாருக்கும் நகல். முதல் மாடியில் இருப்பவர்களிடம் உரிமையாளரே சொல்லட்டும் என்று ஓரிரு நாள் பார்க்கலாம். அதற்குள் அவர் அசையவில்லை என்றால் நீங்களே சொல்லிவிடுங்கள். பில்லரிலோ பீமும் பில்லரும் சேரும் இடத்திலோ வெடிப்பு கண்ணில் பட்டால் அந்த ஓரிரு நாளும் கிடையாது.

கட்டடம் நாளைக்கு விழுந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. தாங்கும் என்று சொல்ல சாரிடமும் ஆதாரம் இல்லை. யாரும் கணக்குப் போட்டுப் பார்க்காத ஒரு மாடிக்குக் கீழே ஒரு குழந்தை தூங்குகிறது, அவ்வளவுதான் இப்போதைக்கு நமக்குத் தெரிந்தது.

ஒரு மாடி என்றால் எத்தனை டன்

நீங்கள் அனுப்பிய அளவுகளை வைத்து, நடுவில் நிற்கும் ஒரு பில்லரை மட்டும் பார்ப்போம். நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் இடைவெளி, ஆக ஒரு பில்லர் சுமப்பது 16 சதுர மீட்டர். ஐந்து அங்குல ஸ்லாப், தரை, மனிதர்கள், சாமான் எல்லாம் சேர்த்து சதுர மீட்டருக்குச் சுமார் 600 கிலோ என்றால் ஒன்பதரை டன். பீம் ஒன்றரை டன். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் எட்டு மீட்டர் நீளம் அந்தப் பில்லருக்கு வருகிறது, அது மட்டும் ஒன்பது டன். ஆக, ஒரு மாடி கூடினால் ஒரு பில்லருக்கு 20 டன். மணல் ஏற்றிய டிப்பர் லாரி ஒன்றைத் தூக்கி அதன் தலையில் வைத்த மாதிரி.

நீங்கள் டிசைன் செய்தபோது அந்தப் பில்லரின் அடியில் வந்தது சுமார் 54 டன். பாதுகாப்புக்காக 1.5-ஆல் பெருக்கினால் 81. எம்20 தரக் கான்கிரீட்டில் நான்கு 16 எம்.எம். கம்பி போட்ட 230-க்கு 380 எம்.எம். பில்லர், கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிநூலான ஐ.எஸ். 456-இன் சூத்திரப்படி நேர்சுமையாக 92 டன் வரை தாங்கும். சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். மூன்றாவது மாடி ஏறினால் சுமை 75 டன், பெருக்கினால் 112. பில்லர் வளைவதால் வருகிற சுமையை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. மாடித் தண்ணீர்த் தொட்டியும் சேர்க்கவில்லை.

பில்லரின் அடித்தளமான ஃபுட்டிங் இன்னும் கவலை தருகிறது. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், மண் சதுர மீட்டருக்கு 15 டன் தாங்கும் என்று எடுத்திருக்கிறீர்கள். பழைய சுமைக்கே அந்த 15 நிரம்பிவிட்டது. புதுச் சுமையில் 20-ஐத் தாண்டும். அந்த 15 எங்கிருந்து வந்தது என்றால், பக்கத்துக் கட்டடத்துக்கு அப்படித்தான் எடுத்தோம் என்கிறீர்கள். கோவையில் ஒரு தெருவில் செம்மண், அடுத்த தெருவில் கரிசல் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மண் பரிசோதனை செய்யாமல் போட்டது உங்கள் பக்கத்துக் குறை. இப்போது செய்துவிடலாம்.

இன்னொரு குறையும் இருக்கிறது. சுவருக்குள் பில்லர் மறைய வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் கேட்பதால் நம் ஊரில் ஒன்பது அங்குலப் பில்லர் ஓய மாட்டேன் என்கிறது. நில அதிர்வைத் தாங்கும் கம்பி அமைப்புக்கான விதிநூலான ஐ.எஸ். 13920-இன் 2016 பதிப்பு பில்லரின் குறைந்தபட்ச அகலம் 300 எம்.எம். என்கிறது. நில அதிர்வு மண்டலங்களைப் பிரிக்கும் ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பில் கோவை மூன்றாம் நில அதிர்வு மண்டலத்தில் இருக்கிறது. அந்த மண்டலத்தில் 13920 விருப்பப்பட்டால் பின்பற்றுகிற விதி அல்ல. "கோயமுத்தூருக்கு எங்கே பூகம்பம் வரப்போகிறது" என்று சார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் தேதி வந்திருக்கிறது, ரிக்டரில் சுமார் 6 அளவில். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் புஜ் பூகம்பத்தில், இருநூறு கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவில் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. அவற்றில் நிறைய, கீழ்த்தளத்தை வண்டி நிறுத்தத் திறந்துவிட்ட கட்டடங்கள். உங்கள் ஸ்டில்ட்டும் அந்த இனம்தான்.

ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி யாருடைய சொத்து

சாரின் வாதத்தில் ஊன்றிப் பார்க்க வேண்டிய இடம் இது. நீங்களும் பாதி நம்பியிருக்கிறீர்கள் என்று கடிதத்தில் தெரிகிறது. சுமைக்கு 1.5, கான்கிரீட்டுக்கு 1.5, கம்பிக்கு 1.15 என்று வைக்கிறோம். அது மிச்சம் வைத்த பணம் மாதிரி, அவசரத்துக்கு எடுத்து ஒரு மாடி கட்டிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பணம் சைட்டிலேயே செலவாகிவிட்டது, அம்மா.

எங்கே செலவாகிறது என்று என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். நான் தொழிலுக்கு வந்த மூன்றாவது வருடம், சென்னையில் ஒரு கட்டடத்தில் நாலரை அடி பால்கனி. கேன்டிலீவர், அதாவது ஒரு பக்கம் மட்டுமே பிடிப்பு. கம்பி மேலே இருந்தால்தான் அது நிற்கும். காலையில் போய்க் கம்பியைச் சரிபார்த்தேன், அழகாகக் கட்டியிருந்தார்கள். வேறு சைட்டுக்குப் போய்விட்டு, கான்கிரீட் போட்டு முடித்த பிறகுதான் திரும்பினேன். மேஸ்திரி எல்லாம் சரி என்றார், பதிவேட்டில் கையெழுத்திட்டேன். மூன்று வாரம் கழித்து முட்டுக்களை எடுக்க ஆரம்பித்தபோது கம்பி கட்டும் ஒரு பார் பெண்டர் என்னைக் கூப்பிட்டார். "சார், இதைக் கொஞ்சம் பாருங்க" என்று சுவரை ஒட்டித் தரையில் விரல் நகத்தை வைத்து இழுத்தார். நூல் மாதிரி ஒரு வெடிப்பு, பால்கனியின் முழு நீளத்துக்கும் ஓடியது. முட்டுக்களைத் திரும்ப வைத்து, உடைத்துப் பார்த்தோம். சட்டி சுமந்தவர்கள் மிதித்து மிதித்து, ஐந்து அங்குல ஸ்லாப்பில் மேல் கம்பி இரண்டு அங்குலம் கீழே போயிருந்தது. படத்தில் ஒரு தப்பும் இல்லை. அந்தப் பார் பெண்டர் பேசாமல் இருந்திருந்தால், யாராவது துணி காயப்போட வந்து நின்றிருப்பார்கள்.

வேலை எளிதாகட்டும் என்று கலவையில் ஊற்றுகிற கூடுதல் தண்ணீர், வைப்ரேட்டர் எட்டாத மூலை, கவர் பிளாக் வைக்க மறந்த இடம், தூக்கு நூலுக்கு விலகி நிற்கும் பில்லர், பத்து நாள் தண்ணீர் விட்டு நனைக்க வேண்டியதை நான்கு நாளில் முடித்த க்யூரிங். 1.5 இதற்கெல்லாம்தான். உங்கள் கட்டடத்தில் இவை எவ்வளவு தின்றிருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியாது. கான்கிரீட் போட்ட நாட்களில் மூன்று முறைதான் போயிருக்கிறீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

முத்திரை என்ன சொல்கிறது

"ஒரு கையெழுத்துதானே" என்ற பேச்சுக்கு, நம் தொழிலில் இருக்கும் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டி நகரத்தில் ஹையத் ரீஜென்சி ஓட்டல். முகப்புக் கூடத்துக்கு மேலே இரண்டு நடைபாலங்கள், ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று, கூரையிலிருந்து எஃகுக் கம்பிகளில் தொங்கின. முதல் டிசைனில் ஒரே நீளக் கம்பி இரண்டு பாலத்தையும் தாங்கியது. செய்து பொருத்த வசதியாக இருக்கும் என்று அதை இரண்டு துண்டுக் கம்பிகளாக்கினார்கள். மேல் பாலத்தைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, கீழ்ப் பாலத்தை மேல் பாலத்திலிருந்து தொங்கவிட்டார்கள். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் மேல் பாலத்தின் பீமுக்கு அடியில் இருக்கும் நட்டில் சுமை இரண்டு மடங்காகிவிட்டது. அந்த மாற்றத்தோடு வந்த படத்தில் பொறியாளரின் முத்திரை இருந்தது. அந்த இணைப்புக்கு யாரும் திரும்பக் கணக்குப் போடவில்லை. 1980-இல் ஓட்டல் திறந்தது, பாலங்கள் ஒரு வருடம் நின்றன. 1981 ஜூலை 17 மாலை, கூடத்தில் நடன நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். பொறுப்பான இரண்டு பொறியாளர்களும் மிசௌரி மாநிலத்தில் உரிமத்தை இழந்தார்கள்.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. 'இத்தனை நாள் நிற்கிறதே, இனி என்ன' என்பது எவ்வளவு பலவீனமான வாதம் என்று காட்டத்தான். சென்னையை ஒட்டிய மௌலிவாக்கத்தை உங்களுக்கு நினைவிருக்கும். 2014 ஜூன் 28, கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் மழை பெய்துகொண்டிருந்தபோது சரிந்து 61 பேர் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் கட்ட வந்த கூலித் தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கைதானவர்களில் பொறியாளர்களும் இருந்தார்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது

நான் வழக்கறிஞர் இல்லை. நான் சொல்வதை வைத்துக்கொண்டு ஒரு குற்றவியல் வழக்கறிஞரை ஒரு மணி நேரம் பாருங்கள், அந்தப் பணம் வீண்போகாது.

கையெழுத்திட்டால் மாட்டிக்கொள்வேனா என்றால், ஆம். உரிமையாளர்தானே கட்டினார் என்பது அவருடைய பொறுப்பைக் கூட்டுமே தவிர உங்களுடையதைக் குறைக்காது. கவனக்குறைவால் மரணம் விளைந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது இரண்டு வருடமாக இருந்தது. தாங்காது என்று தெரிந்தே சான்று கொடுத்திருக்கிறார் என்று அரசுத் தரப்பு காட்டினால், வழக்கு கவனக்குறைவோடு நிற்காது, அதைவிடக் கடுமையான பிரிவுகளுக்குப் போகும். பழைய தேதி போடுவது அங்கேதான் வினையாகும். தேதியை மாற்றினால், இவருக்கு விஷயம் தெரிந்திருந்தது என்பதற்கு நீங்களே சாட்சி எழுதிக் கொடுத்த மாதிரி. எந்த இன்சூரன்ஸும் கை கொடுக்காது. தொழில்முறைப் பிழைக்குத்தான் காப்பீடு, தெரிந்து செய்ததற்கு இல்லை.

"நம் நாட்டில் பொறியாளருக்கு லைசென்ஸே கிடையாது, யார் என்ன செய்ய முடியும்" என்று சார் சொன்னது பாதி உண்மை. வழக்கறிஞர்களுக்கு 1961 சட்டம், கட்டடக் கலைஞர்களுக்கு 1972 சட்டம் என்று இருப்பதுபோல் கட்டமைப்புப் பொறியாளர்களுக்கு நாடு முழுமைக்கும் ஒரு கவுன்சில் இன்னும் அமையவில்லை. அது நம் தொழிலின் பெரிய குறை, எனக்கு அதில் நிறைய வருத்தம் உண்டு. ஆனால் தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்கீழ் நீங்கள் பதிவு செய்திருக்கிறீர்கள். அந்தப் பதிவு கொடுத்தவர்களுக்கு அதை எடுக்கவும் தெரியும்.

வேலையை விட்டால் பொறுப்பு தீருமா? தீராது. நீங்கள் போட்ட இரண்டு மாடிக் கணக்கு நீங்கள் எங்கே போனாலும் உங்களுடையதுதான். மீறிக் கட்டிய மூன்றாவது மாடி உங்களுடையது இல்லை. ஆனால் மீறல் உங்களுக்குத் தெரிந்த பிறகு பேசாமல் போனால், அந்தக் கோடு மங்கிவிடும். எழுதி வைத்துவிட்டுப் போனால் மங்காது.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

முதலில் அந்த மூன்று வெற்றுத்தாள்கள். நேரில் கேட்டு வாங்கிக் கிழித்துவிடுங்கள். தரவில்லை என்றால், இன்ன தேதிக்குமுன் நான் கையெழுத்திட்டுத் தந்த வெற்றுத்தாள்கள் எதற்கும் நான் பொறுப்பல்ல, அவற்றில் எழுதப்படும் எதுவும் என் ஒப்புதல் இல்லாதது என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். உங்கள் கையெழுத்தின் ஸ்கேன் அலுவலகக் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதையும் அந்த மின்னஞ்சலில் சேருங்கள். இனி வெற்றுத்தாளில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள். மூன்று வருடமாக அதைச் செய்ததற்கு உங்களையே திட்டிக்கொண்டு ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். போதும், விடுங்கள். குரு கேட்டால் மறுக்கத் தெரியாத வயதில் பலரும் செய்திருக்கிறோம்.

அடுத்து, அந்தக் கட்டடத்தின் கணக்கு, படங்கள், நீங்கள் சைட்டுக்குப் போன தேதிகள், இப்போது எடுத்த புகைப்படங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். அலுவலகத்தின் மற்ற வேலைகளின் கோப்புகளைத் தொடாதீர்கள், அது வேறு சிக்கலில் விடும்.

உரிமையாளர் கான்கிரீட்டை நிறுத்தவில்லை என்றால், மாநகராட்சியோ நகர ஊரமைப்புத் துறையோ, அனுமதி கொடுத்தது எந்த அலுவலகமோ அங்கே எழுத்தில் தெரிவித்து, அந்தக் கட்டடத்தின் கட்டமைப்புப் பொறியாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்று கொடுத்து, ஒப்புகை வாங்கி வாருங்கள். காட்டிக்கொடுப்பதாகத் தோன்றும் என்று எழுதியிருக்கிறீர்கள். யாரை? உங்கள் பெயர் அந்தப் படத்தில் இருப்பதால்தான் முதல் மாடியில் இரண்டு குடும்பங்கள் நிம்மதியாகக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கின்றன.

சாரிடம் போகும்போது வெறும் மறுப்போடு போகாதீர்கள். ஒரு வழியோடு போங்கள். மண் பரிசோதனை, பில்லர்களில் கான்கிரீட்டின் தரம் பார்க்க ரீபவுண்ட் ஹாமரும் அல்ட்ராசோனிக்கும், தேவையான இடத்தில் குடைந்தெடுக்கும் கோர் மாதிரி, கவர் மீட்டர் வைத்துக் கம்பி சரிபார்ப்பு. கோவையிலேயே பழைய பொறியியல் கல்லூரிகளின் சிவில் துறைகள் இதைச் செய்து தருகின்றன. அந்த எண்களை வைத்து ஈடாப்ஸ் டிசைன் மென்பொருளில் முழுக் கட்டடத்தையும் ஸ்டில்ட்டோடு சேர்த்து ஓட்டுங்கள். ஐ.எஸ். 15988 இதற்கென்றே இருக்கிற விதிநூல். கான்கிரீட் நீங்கள் எடுத்ததைவிட நன்றாக இருக்கலாம், மண்ணும் நன்றாக இருக்கலாம். அப்போதும் போதாது என்றால் பில்லர்களைச் சுற்றிக் கூடுதல் கம்பியும் கான்கிரீட்டும் போடும் ஜாக்கெட்டிங், ஃபுட்டிங்கை அகலப்படுத்துவது, ஸ்டில்ட்டில் சில இடங்களில் பக்கவாட்டு விசையைத் தாங்கும் ஷியர் வால். செலவு உரிமையாளருக்கு வலிக்கும். செலவு வேண்டாம் என்றால் மூன்றாவது மாடியின் பில்லர்களை இறக்கிவிட்டு இரண்டு மாடியோடு நிற்கலாம். பலப்படுத்திய பிறகு, உள்ள தேதியில், உள்ள எண்களோடு ஒரு சான்று கேட்டால் அதில் தாராளமாகக் கையெழுத்திடுங்கள். அனுமதி இல்லாத மாடி என்ற பிரச்சினை அதனால் தீராது, அதை உரிமையாளர் அனுமதி கொடுத்த அலுவலகத்தில் தனியாகத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

சார் இதற்கு ஒப்புக்கொள்ளவும் கூடும். ஒரு வாடிக்கையாளரின் நெருக்கடியில், மாதக் கடைசிச் சம்பளக் கவலையில், வாய் ஒன்று சொல்லிவிட்டு மனசு வேறாக இருக்கிற முதலாளிகளை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்குக் கம்பி எண்ணக் கற்றுக்கொடுத்தவர் அவர். தப்பு எது என்று அவருக்கும் தெரியும். தனியாக, மற்ற ஊழியர்கள் இல்லாத நேரத்தில், கணக்கு எழுதிய தாளை முன்னால் வைத்துப் பேசுங்கள். கோபித்துக்கொண்டு வேலையை விட்டு அனுப்பினால் அனுப்பட்டும்.

கணவரிடமும் அந்தத் தாளைக் காட்டுங்கள். கடன் தவணையை நினைத்துப் பேசுகிறார், அதில் தப்பில்லை. அவர் முன்னால் இருக்கிற கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் வழக்கில் சிக்கினால் அந்தத் தவணையை யார் கட்டுவது?

தொழிலை விடலாமா

அந்த 65,000 வேலையைப் பற்றி 'ஐ.டி. பக்கம் ஓடிப்போகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்டீல் டீட்டெயிலிங் நம் தொழில்தான். ஹையத்தில் தப்பு நுழைந்தது அந்த மாதிரிப் படத்தில்தானே? ஒரு போல்ட் இணைப்பு ஏன் அப்படி இருக்க வேண்டும் என்று புரிந்தவர் அங்கே இருந்தால் அது எத்தனை பேருக்குப் பாதுகாப்பு! சம்பளமும் தேவை, இப்போதைய அலுவலகமும் சரியில்லை. போங்கள் என்றுதான் சொல்வேன். ஒரே ஒரு நிபந்தனை: மேலே சொன்னதை முடித்துவிட்டுப் போங்கள்.

ஆனால் டிசைனையே விட்டுவிடுகிறேன் என்பதை மட்டும் ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். ஒரு அலுவலகத்தின் பழக்கத்தைத் தொழிலின் இயல்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நம் பக்கத்திலேயே பல்லடம், உடுமலைப் பக்கம் நிற்கிற காற்றாலைகளின் அஸ்திவாரம் ஒவ்வொன்றும் ஒரு பாடம். காற்று திசை மாறி மாறி இழுக்கிற இழுவையை ஒரு கான்கிரீட் வட்டம் வருடக்கணக்கில் பிடித்து நிற்கிறது. பழைய மில் கட்டடங்களைப் பரிசோதித்துப் பலப்படுத்துகிற வேலை இருக்கிறது. மற்றவர் டிசைனைச் சரிபார்க்கும் புரூஃப் செக்கிங் இருக்கிறது, உங்கள் கண்ணுக்கு அது பொருந்தும். வேறு வேலையாகப் போன இடத்தில் ஒரு மாடி கூடியிருப்பதைக் கவனித்து நின்ற கண் அது.

பேசினால் தொழில் வாழ்க்கை முடிந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். வில்லியம் லெமெஷூரியர் என்ற பொறியாளரைப் பற்றிப் படித்துப் பாருங்கள். நியூயார்க்கில் 59 மாடி சிட்டிகார்ப் கட்டடம், 1977-இல் முடிந்தது. அடுத்த வருடம், மூலைவாட்டில் அடிக்கும் காற்றுக்கு அதன் போல்ட் இணைப்புகள் போதாது என்று அவருக்கே தெரியவந்தது. அந்தக் கட்டடத்தைப் பற்றி ஆய்வேடு எழுதிய டயான் ஹார்ட்லி என்ற மாணவியும் அதே காற்றைப் பற்றிக் கேள்வி எழுப்பியிருந்தார். லெமெஷூரியர் உரிமையாளர்களிடம் போய்ச் சொன்னார். இரவு இரவாக இணைப்புகளின் மேல் எஃகுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார்கள். பொதுமக்களுக்குச் சொல்லாமல் மறைத்தது தப்பு என்று நான் நினைக்கிறேன். 1995 வரை ஊருக்குத் தெரியாது. ஆனால் சொன்னதால் அவர் தொழில் முடிந்துபோகவில்லை. இத்தனைக்கும் அங்கே தப்பு அவருடையது. உங்கள் விஷயத்தில் மூன்றாவது மாடியை எழுப்பியது நீங்கள் இல்லை.

உரிமையாளருக்கு எழுதும் கடிதத்தை இன்றிரவே அனுப்பிவிடுங்கள். நாளைக் காலை சைட்டுக்குப் போகும்போது தனியாகப் போக வேண்டாம், கணவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஸ்டில்ட்டில் எல்லாப் பில்லர்களின் தலையையும் டார்ச் அடித்துப் பார்த்து, நான்கு பக்கமும் புகைப்படம் எடுங்கள். அந்தப் படங்களையும் ஈடாப்ஸ் கோப்பையும் எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். காவலாளிக்கு மாற்று இடம் கிடைத்ததா என்பதையும் அதில் ஒரு வரி எழுதுங்கள்.